பச்சை போட்ட கட்டம்

உக்காருங்ணா, உக்காருங்க. இந்தப் பை என்னுதுதான், மடியில வெச்சுக்கறேன். வெயிட்டு ஒண்ணுமில்லீங்க, ஒரு ஃபைலும் தண்ணி பாட்டலும்தான். ஃபைலு மடங்கக் கூடாதுன்னு சீட்டுல வெச்சிருந்தேன். தாராபுரமுங்களா? நல்லதாப் போச்சு. நான் செங்காட்டுப் பிரிவுல எறங்கோணும். பல்லடம் தாண்டி அரை மணி நேரம்னு கண்டக்டரு சொன்னாரு. நீங்க இந்த ரோட்டுல போய்வர்ற ஆளுன்னா, பிரிவு வந்தா சித்த சொல்லுங்க. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல.

தூங்கறதுங்களா? எங்கீங்க. கண்ணை மூடுனா கட்டம் கட்டமா வருது. இருவது நாளா இப்படித்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்களா? என்ர சம்சாரமும் அதையேதான் சொல்றா. எந்திரிச்சு உக்காந்து மோட்டுவளையப் பாத்துட்டே இருக்கறீங்க, மந்திரிச்சுட்டு வாங்கங்கறா.

வேலை ஆசுபத்திரியில. அய்யோ, டாக்டரு இல்லீங்க சாமி, என்னைப் பாத்தா டாக்டராட்டமா இருக்குது? கம்ப்யூட்டரு. எந்த ஆசுபத்திரின்னு கேக்காதீங்க, கோயமுத்தூருல ஒரு பெரிய ஆசுபத்திரி, அது போதும். பன்னெண்டு வருசமாச்சு. கம்ப்யூட்டருன்னு சொன்னதும் எல்லாரும் என்ர ஃபோனு சூடாகுது பாருங்கன்னு நீட்டிருவாங்க. அந்த வேலை இல்லீங்க. நான் பாக்கற வேலை யாருக்கும் தெரியாது. தெரியற மாதிரி ஆச்சுன்னா எனக்கு ஆபத்துன்னு அர்த்தம்.

எப்படிச் சொல்றது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளயும், எல்லாத்துக்கும் அடியில, கர்னல்னு ஒண்ணு இருக்குதுங்க. எந்த புரோகிராம் எதைத் தொடலாம், எவன் எது வரைக்கும் உள்ள வரலாம்னு அதுதான் முடிவு பண்ணும். எல்லாச் சாவியும் அதுகிட்டதான். அதை எழுதுனவங்களும் மனுசங்கதானுங்களே, எங்கியோ ஒரு ஓட்டைய விட்டுருவாங்க. பத்து வருசம் யாரு கண்ணுலயும் படாமக் கெடக்கும். ஒரு நாளைக்கு எவனாச்சும் கண்டுபுடிப்பான். ஒடனே அதுக்கொரு நம்பரு குடுத்து ஊரு ஒலகத்துக்கே சொல்லிப்போடுவாங்க. நல்லவனுக்கும் அன்னைக்குத்தான் தெரியும், திருடனுக்கும் அன்னைக்குத்தான் தெரியும். அப்பறம் யாரு மொதல்ல ஓடறாங்கங்கறதுதான். ஓட்டைய அடைக்கறதுக்கு, ஒட்டுத்துணியாட்டம் ஒரு பேட்ச் வரும். எங்ககிட்ட இருக்கற முப்பத்தொம்பது மெஷினுக்கும் அதைப் போடறதுதான் என்ர பொழப்பு. நானும் தைச்சுட்டே இருக்கறேன், அதும் கிழிஞ்சுட்டே இருக்குது.

சலிப்பான வேலைங்ணா. நல்லாப் பண்ணுனா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணும் நடக்காததுக்கு எவன் வந்து கை குடுப்பான்?

பேட்ச் போட்டா முடிஞ்சுதுன்னுதானே நெனைக்கறீங்க? அங்கதானுங்க விசயமே இருக்குது. மெஷின் ஓடிட்டிருக்கறப்பவே புது கர்னலைக் கொண்டு போய் உள்ள வெச்சரலாம். ஆனா ஓடறது பழசுதான். ஒருக்கா அணைச்சுப் போட்டாத்தான் புதுசு எந்திரிக்கும். அணைக்காத வரைக்கும் பேட்ச் போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். அணைக்காமயே ஒட்டற வித்தையும் இருக்குது, எங்க பழைய மெஷினுகளுக்கு அது ஆகாது. இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா என்ர பன்னெண்டு வருசமும் உங்களுக்குப் புரிஞ்சுரும்.

யாரு அணைக்க விடறா? ஆசுபத்திரிங்க அது. ஒரு அனுமதிச் சீட்டு அடிச்சு வெச்சிருக்கறேன், அதைத் தூக்கிட்டு ஒவ்வொரு ரூமு வாசல்லயும் போய் நிக்கோணும். டயாலிசிஸ்ல கேட்டா ஐசியூவுல கேளும்பாங்க. ஐசியூவுல கேட்டா லேப்ல கேட்டுட்டு வாம்பாங்க. லேப் டாக்டரம்மா ஏறெடுத்தே பாக்காது. "அஞ்சு நிமிசந்தானுங்க மேடம்"பேன். "அஞ்சு நிமிசத்துல எத்தனை சாம்பிள்னு தெரியுமா உனக்கு?"ன்னு கேக்கும். எனக்குத் தெரியாதுங்களே. திரும்பி வந்துருவேன்.

அதுக்கு மேல பெரியவரு சட்டம் ஒண்ணு. ஆசுபத்திரியக் கட்டுனவரு. பஞ்சாலைக் குடும்பம், வயசு எம்பத்தி ரெண்டு. எந்த மெஷினையும் ராகு காலத்துலயும் எமகண்டத்துலயும் அணைச்சுப் போடக் கூடாது. அஷ்டமி நவமி ஆகவே ஆகாது. ஆளு கூட்டம் கொறைவா இருக்கறது ஞாயித்துக்கெழமைதான். ஞாயித்துக்கெழமை எமகண்டம் ஒண்ணரைக்கு முடியும், ராகு காலம் நாலரைக்குத் தொடங்கும். நடுவுல மூணு மணி நேரம். அதுல அஷ்டமி நவமி போச்சு, அவசர ஆபரேசன் போச்சு, மந்திரி யாராச்சும் அட்மிட் ஆனாப் போச்சு. வருசத்துக்கு ஆறு ஞாயிறு மிஞ்சுனா அதிகம். என்ர டேபிளைப் பாத்தா சோசியக்காரன் டேபிளாட்டம் இருக்கும், காலண்டரு பூரா வட்டம் போட்டு. சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சவன்தான்.

மாசா மாசம் மேல ஒரு ஷீட்டு அனுப்போணும். மெஷினுக்கு ஒரு கட்டம். பேட்ச் போட்டாப் பச்சை, போடலைன்னாச் செவப்பு. அந்த ஷீட்டைச் செஞ்சவனே நான்தான். பேட்ச் போட்டாச்சான்னு மட்டுந்தான் அதுல இருக்கும். அணைச்சுப் போட்டாச்சான்னு இருக்காது. யாரும் கேக்கல, நானும் வைக்கல. பொய் இல்லீங்களே அது? பேட்ச் போட்டேன். போடலைன்னு எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. மாசா மாசம் வயக்காடாட்டம் பச்சைப் பசேல்னு போய்ச் சேரும், மேல இருக்கறவங்களும் நல்லாத் தூங்குவாங்க, நானும் தூங்குவேன்.

அப்படிப் போய்ட்டிருந்த பொழப்புலதான் அந்தப் புள்ள வந்து சேந்துச்சு.

கோகிலவாணின்னு பேரு. எனக்கு உதவிக்குன்னு எடுத்தாங்க. வயசு இருவத்தாறு. அப்பா வீட்டுலயே ரெண்டு தறி போட்டு ஓட்டறாரு. வந்து மூணாம் நாளு, என்ர ஷீட்டைப் பாத்துட்டு, "சார், ரீஸ்டார்ட் பண்ணுன தேதி எங்கீங்க சார்?"ன்னு கேக்கறா. அந்தக் கட்டமெல்லாம் இங்க கெடையாது கண்ணுன்னேன். மறுநாளே அவளா ஒரு வரிசை சேத்துப்போட்டா. அணைச்சுப் போட்டதுக்கு ஒரு கட்டம், போட்டது யாருன்னு பேருக்கு ஒரு கட்டம். முப்பத்தொம்பதுல முப்பத்தொண்ணு செவப்பு. என்ர பன்னெண்டு வருசத்தையும் செவப்பு மையால அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க எனக்கு. இதை மேல அனுப்பாதன்னு சொன்னேன். "சரிங்க சார், ஆனா நமக்குள்ளயாச்சும் இருக்கட்டுங்க"ன்னா. நல்ல புள்ளதான். நான் இல்லைன்னு சொல்லலையே. கெட்டிக்காரி. எனக்கு டீ வாங்கிட்டு வந்தா அவளுக்கு வேண்டாம்னுட்டு பன்னு ஒண்ணு சேத்து வாங்கியாருவா. ஆனா பெரியவங்க ஒருத்தர் ஒரு எடத்துல இத்தனை வருசமா இருக்காங்கன்னா அதுக்கொரு காரணம் இருக்கும்னு யோசிக்கோணுமில்லீங்க?

பொரட்டாசியில ஒரு பெரிய ஓட்டை வந்துச்சு. சாதாரண ஆளா உள்ள நொழைஞ்சவன் ஒரே நிமிசத்துல மொத்த மெஷினுக்கும் முதலாளி ஆயிரலாம், அந்த மாதிரி ஓட்டை. நான் அன்னைக்கே முப்பத்தொம்பதுக்கும் பேட்ச் போட்டேன். எழுதி வெச்சுக்குங்க, அன்னைக்கே போட்டேன். அப்பறம் சீட்டைத் தூக்கிட்டு ரூமு ரூமாப் போனேன். ஒருத்தரும் மசியல. ஞாயித்துக்கெழமைன்னு பாத்தா அஷ்டமி.

இந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? "சார், ஆயுத பூசை வருதில்லீங்க. எங்கப்பா அன்னைக்குத் தறிய அணைச்சுப்போட்டு பொட்டு வெச்சு ஓய்வு குடுத்துருவாரு. நம்ம மெஷினுக மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு? அன்னைக்கு அணைச்சுப் போடலாமே"ன்னா. விளையாடாத, பெரியவரு ஒத்துக்க மாட்டாருன்னேன். நான் கேட்டுப் பாத்ததில்லீங்க. கேட்டா ஒத்துக்க மாட்டாருன்னு தெரிஞ்சு எதுக்குக் கேக்கோணும்? சரிங்க சார்னு போனா. மத்தியானம் எனக்கு ஃபோனு, பெரியவரு ரூமுக்கு வான்னு. போனா, அவ அங்க நிக்கறா. பெரியவரு என்னைப் பாத்து, "ஏப்பா சென்னியப்பா, இத்தனை வருசமா மெஷினுக்கு ஆயுத பூசைக்குக் கூட ஓய்வு குடுக்காமயா வெச்சிருந்தே? மில்லுல இப்படி வெச்சிருந்தா எங்கப்பா தோலை உரிச்சிருப்பாரு"ங்கறாரு. அன்னைக்கு நவமிதான், ஆனா பூசைக்கு அது தோசமில்லைன்னுட்டாரு. எல்லா டாக்டருக்கும் அவரே சொல்லிட்டாரு, அன்னைக்குக் காலையில பத்தரையில இருந்து ஒரு மணி வரைக்கும் மெஷினுக கம்ப்யூட்டர்காரங்களுதுன்னு. அஞ்சு நிமிசங்க. பன்னெண்டு வருசம் நான் வாசல் வாசலா நின்னது, அவ அஞ்சு நிமிசத்துல வாங்கிட்டா.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. சந்தோசப்பட்டிருக்கோணும், தெரியும். படலைங்க. என்னைத் தாண்டிப் போனாளேன்னுதான் இருந்துச்சு. நாலு நாளைக்கு அவகூட சரியாப் பேசல. அவளுக்கு ஏன்னே தெரியல, ஒடம்பு சரியில்லீங்களா சார்னு கேட்டுட்டு இருந்தா.

பல்லடமுங்களா இது? கூட்டம் ஏறுது பாருங்க. நீங்க ஜன்னல் பக்கம் நகந்துக்கறீங்களா? வேண்டாமா, சரி. நான் இங்கியே இருக்கறேன்.

பதினேழாம் நம்பர் மெஷினைப் பத்தி சொல்லோணும். லேப் மெஷினு. எல்லா ரத்தம், சதை டெஸ்டு ரிப்போர்ட்டும் அதுலதான். அது அறுநூத்திப் பதினோரு நாளு அணையாம ஓடுச்சுங்க. எங்க தொழில்ல அது ஒரு பெருமைங்ணா. அறுநூறு நாளு ஆனப்ப போட்டோ எடுத்து மத்த ஆசுபத்திரிச் சேக்காளிகளுக்கெல்லாம் அனுப்புனேன். எல்லாரும் கும்புடற படம் போட்டு பதில் அனுப்புனாங்க. அவ்வளவு நாளு ஓடுன மெஷினை அணைச்சா மறுபடி எந்திரிக்குமான்னு யாருக்குத் தெரியும்?

சும்மா பயமில்லீங்க. ஆறு வருசத்துக்கு முன்னால மருந்துக்கடை மெஷினை அணைச்சேன். முறைப்படி, சீட்டுல கையெழுத்து வாங்கி, நல்ல நேரம் பாத்து. எந்திரிக்கலை. டிஸ்கு போயிருச்சு. எட்டு மணி நேரம். சூப்பரண்டு என்னை வராந்தாவுல நிக்க வெச்சாரு. மருந்துக்கு நிக்கற ஒவ்வொருத்தரும் என்ன ஆச்சுன்னு கேக்கறப்ப, "இந்தாளுதான் தொட்டான்"னு என்னையக் காட்டிக் காட்டிச் சொன்னாரு. ஒரு நோயாளியோட தம்பி என்ர சட்டையப் புடிச்சான். அன்னைக்கு என்ர மகன் பள்ளிக்கூடம் விட்டு அங்க வந்திருந்தான், அவன் பாத்தான். அதுல இருந்து மெஷினை அணைக்கற பட்டன்கிட்ட கை போனாலே பின்னால இழுத்துக்குவேன். இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னும் தெரியல.

ஆயுத பூசையன்னைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, கதம்பம் போட்டு, ஆம்புலன்சுக்கு வாழைக்கன்னு கட்டி, ஆசுபத்திரியே கல்யாண வீடாட்டம் இருந்துச்சு. நான் அவகிட்ட, முப்பத்தெட்டு மெஷினை நீ பாரு, பதினேழை நான் பாத்துக்கறேன்னேன். அது பெரிய ஆளு பண்ண வேண்டியதுன்னேன். "சரிங்க சார், அது நீங்க பண்ணுனாத்தான் எனக்கும் தைரியம்"ன்னா. லேப் ரூமுக்குப் போனேன். பொட்டு வெச்சேன். மாலை போட்டேன். பட்டன்கிட்ட வெரலைக் கொண்டு போனேன். நாப்பது நிமிசம் நின்னனுங்க. ஏசியில வேர்த்து ஊத்துது. அப்ப ஃபோனடிக்கறா. "சார், முப்பத்தெட்டும் எந்திரிச்சுருச்சுங்க சார்! ஒண்ணு கூடப் படுக்கல! பதினேழு ஆச்சுங்களா?" அவ கொரல்ல அப்படி ஒரு சந்தோசம்.

ஆச்சு கண்ணு, பச்சை போட்டுருன்னேன்.

அவ்வளவுதானுங்க நான் சொன்னது. அவ பச்சை போட்டா, பக்கத்துல அவ பேரு. என்ர பேரை எழுதச் சொல்ல எனக்குத் தோணல. அவளும் அவ போட்ட ஷீட்டுதானேன்னு அவ பேரையே எழுதிக்கிட்டா. முப்பத்தொம்பதும் பச்சை. சாயங்காலம் பொரியும் கடலையும் ஒரு பொட்டலம் கட்டி எனக்குக் கொண்டாந்து குடுத்தா.

அணைச்சீங்களா இல்லையான்னா? பேட்ச் போட்டிருந்துச்சுங்ணா. பேட்ச் உள்ள இருந்துச்சு. இல்ல, நீங்க கேக்கறது... இல்லீங்க. அணைக்கல. அடுத்த ஞாயித்துக்கெழமை சத்தமில்லாமப் பண்ணிரலாம்னுதான் நெனச்சேன். சாமி சத்தியமா. அடுத்த ஞாயிறு டாக்டரம்மா விடல. அதுக்கடுத்தது அஷ்டமி. அதுக்கடுத்தது தீவாளி. நானா பஞ்சாங்கத்தை எழுதறேன்?

தீவாளி கழிஞ்சு ரெண்டாவது வாரம் திருடனுக உள்ள வந்துட்டாங்க. லேப்ல ஒரு பையன் எவனோ அனுப்புன மெயிலைத் தொறந்து பாஸ்வேர்டைக் குடுத்துட்டான். சாதாரண ஆளா பதினேழுக்குள்ள வந்தவன் அந்த ஓட்டை வழியாத்தான் முதலாளி ஆனான். மொத்த ரிப்போர்ட்டையும் பூட்டிப்போட்டான். ஒம்போது நாளுங்க, எல்லாத்தையும் கையால எழுதுனாங்க. பழைய ரிப்போர்ட்டு எதும் கெடைக்கல. அவிநாசியில இருந்து ஒரு அம்மா, மார்ல கட்டின்னு சதை எடுத்துக் குடுத்திருந்துச்சு. ரிப்போர்ட்டு உள்ள மாட்டிக்கிச்சு. தெனமும் மொத பஸ்சுல வந்து லேப் வாசல்ல உக்காந்திருக்கும், மத்தியானம் போகும். நான் அந்தப் பக்கமாப் போறப்பெல்லாம் "ஏனுங்க தம்பி, வந்துருச்சுங்களா?"ன்னு கேக்கும். கடைசியில நல்ல ரிப்போர்ட்டுதான் வந்துச்சு, ஒண்ணுமில்லைன்னு. ஆனா ஒம்போது நாளு. நான் லேப்புக்குப் பின்பக்கமாச் சுத்திப் போக ஆரம்பிச்சேன்.

வெளியூர்ல இருந்து சரி பண்ண ஆளுங்க வந்தாங்க. வந்தவன் மொதக் காரியமா பதினேழை அணைச்சுப் போட்டான், யாரையும் கேக்காம. நாலு நிமிசத்துல எந்திரிச்சுருச்சுங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். நாலே நிமிசம். சொன்ன பேச்சைக் கேக்கற கொழந்தையாட்டம் எந்திரிச்சுது. நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு அழுதேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அப்பறம் விசாரணை. மூணு பேரு உக்காந்திருக்காங்க, இந்தப் பக்கம் நானும் அவளும். ஷீட்டைக் காட்டி, இந்தப் பச்சை ஆரு போட்டதுன்னாங்க. "நான்தான் சார்"ன்னா. வேற ஏதாச்சும் சொல்லோணுமான்னாங்க. அவ என்னைத் திரும்பிப் பாத்தா. நான் மேசையப் பாத்துட்டு இருந்தேன். அப்பறம் இல்லீங்க சார்னுட்டா. அவளே ஒத்துக்கிட்டாளுங்ணா. நான் ஒரு வார்த்தை அவ மேல சொல்லல. ஒரே ஒரு வார்த்தை கூட. அன்னைக்கே அவளை வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. இருவது நாளா வீட்டுல இருக்கறா.

அதனாலதானுங்க இன்னைக்கு இந்தப் பயணம். ஃபைலுல ஒரு கடிதம் இருக்குது. என் கவனக்குறைவால் சரிபார்க்காமல் பதிவு செய்துவிட்டேன், வருந்துகிறேன், அவ்வளவுதான். நானே தமிழ்ல அடிச்சேன், அவ அப்பாவுக்கும் புரியோணுமில்லீங்க. அவ கையெழுத்துப் போட்டுட்டான்னா ஃபைலை மூடிரலாம்னு சொல்லிட்டாங்க. நல்ல முறையில வெளிய விட்டுருவாங்க, வேலை பாத்ததுக்கு சர்டிபிகேட்டும் தருவாங்க. நான் பேசி வாங்குனது அது. அவளுக்காகத்தான். போடலைன்னா திங்கக்கெழமை மறுபடி விசாரணை. லேப் ரூமுக் கதவுல ஆரு எப்ப உள்ள போனாங்க, எத்தனை நேரம் இருந்தாங்கன்னு பதிஞ்சிருக்கும், அதையெல்லாம் எடுத்துப் பாப்பாங்களாம். எதுக்குங்க அந்த அலைச்சலெல்லாம்? இருவத்தாறு வயசு, இந்த ஆசுபத்திரி இல்லைன்னா இன்னொண்ணு. எனக்கு நாப்பத்தொம்பது. மகன் பன்னெண்டாவது. என்னைய இனி எவன் எடுப்பான்?

என்னங்ணா, ஃபைலையே பாத்துட்டு இருக்கறீங்க.

இருங்க, மெசேஜ் வருது. அவதான். கண்ணாடி எங்க வெச்சேன்... எழுத்து சின்னதா இருக்குது. நீங்க படிக்கறீங்களா? வேண்டாம், தெரியுது. "சார், பிரிவுல வந்து நிக்கறேன். வழியில எதும் சாப்பிட்டுறாதீங்க, அம்மா காலையிலயே கோழி அடிச்சுட்டாங்க. நீங்க நேர்ல வர்றேன்னு சொன்னதுல இருந்து அப்பா தறி ஓட்டல, சட்டை மாத்திட்டு உக்காந்திருக்காரு. சார் வர்றாங்கன்னா சரி பண்ணத்தான் வர்றாங்கன்னு சொல்லியிருக்கேன்."

சரி பண்ணத்தான்.

நான் நேர்ல பேசோணும்னு மட்டுந்தானுங்க ஃபோன்ல சொன்னேன். எதுக்குன்னு சொல்லல. அவளா அப்படி எடுத்துக்கிட்டா. விசாரணையில அவ என்னையப் பாத்தாளே, அது... நான் சொல்லுவேன்னுதான் பாத்தாளுங்களா? இருவது நாளா அதுக்குத்தான் காத்துட்டு இருக்கறாளா? நீங்க என்ன நெனைக்கறீங்க? சொல்லுங்க. மூணாம் மனுசன், உங்களுக்குத் தெரியும்.

இதுவா பிரிவு? அதுக்குள்ளயா? ஆமா, அங்க, வேப்ப மரத்துக்கு அக்கட்ட. கொடை புடிச்சுட்டு நிக்கறா பாருங்க, ஊதாச் சுடிதாரு. மெலிஞ்சு போயிட்டா. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாக்கறா. சித்த முன்னால சாஞ்சுக்கறீங்களா? இப்படி. இன்னும் கொஞ்சம். இருக்கட்டுங்ணா, தயவு பண்ணி அப்படியே இருங்க. கண்டக்டரு கூப்புட்டாக் கூப்புடட்டும். நான் எறங்கல. எறங்க முடியாது. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க ஃபைலை எடுக்கறது?

வண்டி எடுத்துட்டான். அப்பாடா. இன்னும் நிக்கறாளா? பாத்துச் சொல்லுங்க.

ஃபோனு. அவதான். அடிக்கட்டும். நின்னுரும். நிக்க மாட்டேங்குது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அண்ணா, ஒரே ஒரு உதவி. நீங்க எடுத்துப் பேசிருங்க. ஃபோனை பஸ் ஸ்டாண்டுல தவற விட்டுட்டாரு, ஆளு வண்டியில இல்லைன்னு ரெண்டே வார்த்தை. உங்களுக்கென்னங்க, அவளுக்கு நீங்க ஆருன்னே தெரியாது. சொல்லிருங்க, புண்ணியமாப் போகும்.

ஏனுங்ணா! என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? பக்கத்துலதான் உக்காந்திருக்காருன்னு சொல்லிட்டீங்களே! நான் என்ன சொல்லச் சொன்னேன், நீங்க... என்ர கையில எதுக்குத் திணிக்கறீங்க? நான் மாட்டேன். வேண்டாங்க. கேட்டுட்டு இருக்கறாளா? சத்தம் வருதா?

அலோ.

ஆமா கண்ணு. நாந்தான். கேக்குது, கேக்குது. இல்ல, தூங்கல. முழிச்சுட்டுத்தான் இருந்தேன். உன்னையப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எறங்காம இருந்தேன். கண்டக்டர், நிறுத்துங்க, ஆளு எறங்கோணும்! இல்ல கண்ணு, உன்னைய இல்ல. ரொம்பத் தூரம் தாண்டல, நடந்தே வந்தர்றேன். வண்டியெல்லாம் எடுத்துட்டு வர வேண்டாம், நீ அங்கியே நெழல்ல நில்லு. அப்பா கூடவே வர்றாரா? வரட்டும், அவரும் கேக்கட்டும். அம்மாகிட்ட மட்டும் இப்பவே எலை போட வேண்டாம்னு சொல்லு. இல்ல சாமி, பசியெல்லாம் இருக்குது. அன்னைக்கு நான் அந்த மெஷினை அணைக்கவே இல்ல. அணைக்காமத்தான் உன்னைப் பச்சை போடச் சொன்னேன். ஆமா. தெரிஞ்சேதான். அதை உங்கம்மாகிட்ட நானே வந்து சொல்றேன். கேட்டுட்டு, எனக்கு சோறு போடறதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.